அரிஸ்டாட்டிலின் ‘நடு’: கேள்வி பதில்

கல்லூரியில் முப்பது ஆண்டுகள் மெய்யியல் நடத்தினேன். கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலின் ‘நிகோமாக்கிய அறவியல்’ என் கையை விட்டு இறங்காத நூல். நற்குணம் என்பது மிகைக்கும் குறைக்கும் இடையே உள்ள ‘நடு’ என்கிறது அது. அதைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்.

குணம் பிறவியில் வருவதா, பழக்கத்தில் வருவதா அம்மா?

பழக்கத்தில். கல்லைப் பத்தாயிரம் முறை மேலே எறிந்தாலும் அது மேலே போகப் பழகாது, மனிதன் பழகுவான் என்கிறார். வீடு கட்டிக் கட்டித்தான் கொத்தனார் ஆகிறான். நியாயமாக நடந்து நடந்துதான் நியாயமானவன் ஆகிறான். கிரேக்கத்தில் பழக்கம் ‘எதோஸ்’, குணம் ‘ஏதோஸ்’. நம் எ, ஏ மாதிரி முதல் எழுத்து நீள்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் ஒன்று: மோசமாகக் கட்டிக் கட்டி மோசமான கொத்தனாராகவும் ஆகலாம்.

நடுவழி என்றால் எதிலும் பாதி என்று அர்த்தமா?

இல்லை. பத்து மினா (பழைய கிரேக்க எடை அளவு) உணவு அதிகம், இரண்டு குறைவு என்பதற்காகப் பயிற்சியாளர் எல்லோருக்கும் ஆறு மினா கொடுக்க மாட்டார். மல்லன் மீலோவுக்கு அது போதாது, புதிதாகச் சேர்ந்தவனுக்கு அதிகம். ஆளுக்கும் நேரத்துக்கும் தகுந்த அளவுதான் நடு.

அப்படியானால் அளவாக லஞ்சம் வாங்கலாமா?

மேலே உள்ள பதிலைப் படியுங்கள். திருட்டு, கொலை, பிறன்மனை நாடுதல் இவற்றுக்கு நடு என்பதே கிடையாது என்று அவரே எழுதியிருக்கிறார். லஞ்சமும் அந்த வரிசைதான்.

வள்ளுவரும் இதைத்தானே சொல்கிறார்?

ஒழுக்கத்தை உயிரினும் மேலாகக் காப்பதில் இருவரும் பக்கத்தில் நிற்கிறார்கள். கோபத்தில் பிரிகிறார்கள். கோபப்பட வேண்டியதற்கு, வேண்டியவர்மேல், வேண்டிய நேரத்தில் கோபப்படுகிறவனை அரிஸ்டாட்டில் பாராட்டுகிறார். வள்ளுவரோ ‘மறத்தல் வெகுளியை யார்மாட்டும்’ என்கிறார். யாரிடத்திலும் வேண்டாம். இரண்டும் ஒன்று என்று மேடையில் பேசுவது இருவருக்கும் அநியாயம். இந்த ஒரு விஷயத்தில் நான் வள்ளுவர் பக்கம். சரியான கோபம் என்று நினைத்து நான் பட்ட கோபங்களில் பாதிக்கு மேல் மறுநாள் சரியாகத் தெரியவில்லை.

குணம் என்பதே பொய் என்று உளவியல் நிரூபித்துவிட்டதே? பிரின்ஸ்டன் ஆய்வு?

நல்ல கேள்வி. டார்லி, பேட்சன் இருவரும் 1973இல் வெளியிட்டது. பாதிரியார் படிப்பு மாணவர்களை உரையாற்ற இன்னொரு கட்டடத்துக்கு அனுப்பினார்கள். வழியில் வாசற்படியில் ஒருவர் சாய்ந்து கிடந்து இருமினார். அவசரமில்லாதவர்களில் 63 சதவீதம் உதவினார்கள், மிகுந்த அவசரத்தில் இருந்தவர்களில் 10 சதவீதம்தான். சிலர் பேசப் போன தலைப்பே வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய, பைபிளில் வரும் நல்ல சமாரியனின் கதை! ஆனால் கடந்து போனவர்கள் கலக்கத்தோடுதான் போய்ச் சேர்ந்தார்கள் என்றும் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். நல்லது தெரிந்தும் செய்ய முடியாமல் போகிற இந்த நிலைக்கு அரிஸ்டாட்டில் ஏழாம் பகுதியில் பாதிக்கு மேல் ஒதுக்கியிருக்கிறார்.

அது சமாளிப்பு. அவசரம்தான் எல்லாம் முடிவு செய்கிறது என்றால் குணத்துக்கு என்ன வேலை? (அதே வாசகர்)

சமாளிப்பு இல்லை. முழுக் குணவான் அரிது என்பது அவர் கணக்கிலேயே உண்டு. அந்தப் பத்து சதவீதமும் அதே அவசரத்தில்தான் நின்றார்கள்.

பாதி தைரியம், பாதி பயம், அதுதானே நடு?

இல்லை. மூன்றாம் முறை சொல்கிறேன்: நடு பாதி அல்ல.

மாதக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் மனம் போகவில்லை. எந்தப் பண்பை வளர்க்க வேண்டும்?

இது குணக்குறை இல்லை தம்பி. முதலில் மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

அடிமைமுறையை நியாயப்படுத்தியவரிடம் அறம் கற்பதா?

‘அரசியல்’ நூலில் நியாயப்படுத்தினார். அது தவறு. வகுப்பில் ஒருநாளும் நான் அதை மறைத்ததில்லை.

சூழ்நிலையை வெல்ல முடியாதவன் என்னதான் செய்வது? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். (பிரின்ஸ்டன் வாசகர்)

சொல்கிறேன். ஒரு கல்யாணத்துக்கு ஓடிக்கொண்டிருந்தேன். பேருந்து நிலையப் படியில் ஒரு பாட்டியின் பை கிழிந்து தக்காளி உருண்டது. ஒன்று என் செருப்பு வரை வந்தது. தாண்டிப் போய்ப் பேருந்தில் ஏறிவிட்டேன். மண்டபத்தில் சாப்பாடு இறங்கவில்லை. வளைந்த மரத்தை நிமிர்த்துகிறவர் எதிர்ப்பக்கம் வளைப்பது போல, நாம் எந்தப் பக்கம் சாய்கிறோமோ அதற்கு எதிர்ப்பக்கம் இழுக்கச் சொல்கிறார் அரிஸ்டாட்டில். நான் சாய்வது அவசரத்தின் பக்கம். அதனால் இப்போதெல்லாம் எங்கே போனாலும் அரைமணி முன்னதாகவே கிளம்பிவிடுகிறேன்.