தம்பிக்கு மனச்சோர்வு. நடத்தைச் சிகிச்சை வேலை செய்யுமா?

கேள்வி இதுதான்: "கொழும்பில் இருக்கிறோம். தம்பிக்கு மனச்சோர்வு என்று டொக்டர் குளிசை கொடுத்திருக்கிறார். கூடவே நடத்தைச் சிகிச்சைக்கும் போகச் சொல்கிறார். 'காசு கொடுத்துக் கதைக்கப் போவதா' என்று வீட்டில் கேட்கிறார்கள். ஆய்வுகள் உண்மையில் என்ன சொல்கின்றன?"

போகச் சொல்லுங்கள். குளிசையை நிறுத்தாமல், அதோடு சேர்த்துப் போகச் சொல்லுங்கள். நான் மருத்துவர் இல்லை. ஆனால் உங்கள் தம்பி கிடக்கும் இடத்தில் ஒன்றரை வருடம் கிடந்து எழும்பியவள். எழும்பிய பிறகு, எனக்கு என்ன செய்தார்கள், அது ஏன் பலித்தது என்று கிடைத்ததையெல்லாம் தேடி வாசித்தேன். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல முடியும்.

2021 ஜூனில் அம்மா சாவகச்சேரியில் காலமானார். கொரோனாவால் மாகாணம் விட்டு மாகாணம் போகத் தடை இருந்த நேரம். வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டில் இருந்துகொண்டு வட்ஸ்அப்பில்தான் செத்தவீடு பார்த்தேன். அந்த மாதம் முழுக்க நான் நன்றாகத்தான் இருந்தேன், எல்லோரும் அதிசயப்படும் அளவுக்கு. அப்புறம் மெல்ல மெல்லத் தொடங்கியது. தங்கச்சியின் அழைப்பை எடுக்கவில்லை. சந்தைக்கு இவர் போகத் தொடங்கினார். புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன், அதை விட்டேன். மனசு சரியாகட்டும், பிறகு எல்லாவற்றையும் தொடங்கலாம் என்று நானும் சொன்னேன், வீட்டிலும் சொன்னார்கள். சரியாகவில்லை. குளிசை தந்தார்கள், நித்திரை வந்தது, அழுகை குறைந்தது. ஆனால் கட்டிலை விட்டு எழும்ப ஒரு காரணமும் இருக்கவில்லை.

பிறகு ஒரு தமிழ் அக்காவிடம் உளவளத்துணைக்குப் போனேன். சின்ன வயதுக் கதையெல்லாம் கேட்பார் என்று பயந்துகொண்டு போனேன். அவர் ஒரு தாளைத் தந்தார். காலை ஆறு மணியில் இருந்து இரவு பத்து மணி வரை கட்டம் கட்டமாகக் கோடு போட்ட தாள். ஒவ்வொரு மணித்தியாலமும் என்ன செய்தேன், அப்போது மனநிலை பத்துக்கு எத்தனை என்று எழுத வேண்டும். அவ்வளவுதான் முதல் கிழமை வேலை.

எழுதிப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம். மிகக் குறைந்த புள்ளி அம்மாவை நினைத்து அழுத நேரத்தில் இல்லை. மத்தியானம் இரண்டிலிருந்து ஐந்து வரை, ஃபோனும் கையுமாகக் கட்டிலில் கிடந்த நேரத்தில்தான் எல்லா நாளும் ஒன்று, ஒன்றரை. கூடிய புள்ளி நான்கு. பக்கத்து வீட்டு மாமிக்குக் கை வீங்கியிருந்தது என்று தேங்காய் துருவிக் கொடுத்த அரை மணித்தியாலம் அது.

இரண்டாம் கிழமை, திங்கள், புதன், வெள்ளி பின்னேரம் ஐந்தரைக்குத் தண்டவாளம் கடந்து கடற்கரையில் பத்து நிமிடம் நிற்க வேண்டும் என்று எழுதித் தந்தார். "மனசு வராட்டி என்ன செய்யிறது அக்கா?" என்று கேட்டேன். "மனசைக் கேளாதேங்கோ, மணிக்கூட்டைக் கேளுங்கோ. ஐந்தரை எண்டா செருப்பைப் போடுங்கோ" என்றார். முதல் நாள் படலை வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிட்டேன். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் தாளை எடுத்து, கடற்கரை என்று இருந்ததை வெட்டி, "படலை வரைக்கும்" என்று திருத்தி எழுதினார். நான் தோற்கவில்லை, வேலைதான் பெரிதாகப் போய்விட்டது என்பது அவர் கணக்கு. அந்த ஒரு வெட்டுக் கோட்டுக்கு நான் இன்றைக்கும் நன்றியாக இருக்கிறேன்.

இதற்குப் பெயர் பிஹேவியரல் அக்டிவேஷன். நடத்தையை மறுபடி தூண்டி விடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1970களில் பீட்டர் லூயின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் சொன்ன கருத்து இதற்கு அடி. மனம் சோர்ந்தால் நாம் ஒதுங்குகிறோம். ஒதுங்கினால் நல்லது என்று ஒன்றும் நடப்பதில்லை. நடக்காதபோது இன்னும் சோர்கிறோம். இந்தச் சக்கரத்தை மனசின் பக்கம் நின்று நிறுத்துவது கடினம், செயலின் பக்கம் நின்று நிறுத்தலாம். 1996 இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நீல் ஜேக்கப்சனின் குழு, எண்ணங்களையும் சேர்த்துத் திருத்தும் சி.பி.டி. என்ற அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைப் பகுதி பகுதியாகக் கழற்றிப் பார்த்தது. செயலைத் தூண்டும் பகுதி மட்டும் கிடைத்தவர்களும், முழுச் சிகிச்சை கிடைத்தவர்களைப் போலவே தேறினார்கள். 2006 இல் வந்த அடுத்த பெரிய ஆய்வில், கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களிடம்கூட இது மருந்துக்கு ஈடாக நின்றது.

"கதைக்கப் போவதா" என்று கேட்பவர்களுக்கு இதையே சொல்லுங்கள். அங்கே கதைப்பது கொஞ்சம், வீட்டுக்கு வந்து செய்வதுதான் அதிகம்.

இனி அண்மைய காலத்துக்கு வருகிறேன், ஏனென்றால் என்னை உண்மையில் உலுக்கியது அதுதான். இந்தச் சிகிச்சையை யார் கொடுக்கலாம் என்பதைப் பற்றி அடுத்தடுத்து வந்த முடிவுகள். 2016 இல் 'லான்செட்' இதழில் இங்கிலாந்து ஆய்வு ஒன்று வந்தது. மனச்சோர்வு உள்ள 440 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு நீண்ட பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்கள் சி.பி.டி. கொடுத்தார்கள். மறு பாதிக்கு அவ்வளவு பயிற்சி இல்லாத இளநிலைப் பணியாளர்கள், நான் சொன்ன இந்தச் செயல் சிகிச்சையைக் கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பாதியும் ஏறத்தாழ ஒரே அளவு தேறியிருந்தன. செலவு இரண்டாவதில் குறைவு.

அதற்கு அடுத்த வருடமே, 2017 இல், கோவாவில் இருந்து ஒன்று. அங்கே சிகிச்சை கொடுத்தவர்கள் உளவியல் படித்தவர்களே இல்லை, பயிற்சி கொடுத்துச் சேர்த்த சாதாரண ஊர்க்காரர்கள். 495 பேர் பங்கெடுத்தார்கள். ஆறிலிருந்து எட்டு அமர்வு, ஒவ்வொன்றும் முப்பது நாற்பது நிமிடம், ஆரம்ப சுகாதார நிலையத்திலோ வீட்டிலோ. மூன்று மாதத்தில் 64 சதவீதத்தினர் மனச்சோர்வில் இருந்து மீண்டிருந்தார்கள். நிலையத்தின் வழக்கமான கவனிப்பு, சற்று மேம்படுத்தப்பட்டு, அது மட்டும் கிடைத்தவர்களில் மீண்டது 39 சதவீதம். அந்த 39ஐயும் மறக்காதீர்கள், காலமும் கவனிப்பும் மட்டுமே சிலரைத் தேற்றும். அதேபோல, சிகிச்சை கிடைத்தும் மூன்றில் ஒருவருக்கு மேல் அப்போது மீளவில்லை. உங்கள் தம்பிக்கு முதல் முயற்சி பலிக்காவிட்டால் அவரிடம் குறை தேட வேண்டாம்.

2025 இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்ததுதான் எனக்குப் பிடித்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் கர்ப்பிணிகளும் குழந்தை பெற்ற தாய்மாருமாக 1230 பேர். சிகிச்சை அதே செயல் சிகிச்சை. நிபுணர் கொடுத்தாலும், பயிற்சி பெற்ற தாதியோ மருத்துவிச்சியோ கொடுத்தாலும், நேரில் கொடுத்தாலும், திரையில் முகம் பார்த்துக் கொடுத்தாலும் பலன் குறையவில்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், கொழும்பில் ஒரு தமிழருக்கு உள்ள பெரிய சிக்கலை இது தொடுகிறது. அந்த அக்காவிடம் போவதற்கு முன்னர் வேறு ஓர் இடத்துக்கு என்னை அனுப்பினார்கள். அங்கே இருந்தவர் நல்லவர், திறமையானவர். ஆனால் சிங்களமும் ஆங்கிலமும்தான். எனக்கு இரண்டும் தெரியும். வங்கிக்குப் போக, பிள்ளையின் பாடசாலையில் கதைக்க எல்லாம் போதும். "கவலையாக இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னேன், அவர் எழுதிக்கொண்டார். "அம்மான்ர காலைத் தொட்டுக் கும்பிடேலாமப் போச்சு" என்பதை எந்த மொழியில் போய்ச் சொல்வது? மூன்று தடவை போய்விட்டு நின்றுவிட்டேன். தமிழில் கேட்கக்கூடியவர் கொழும்பில் கிடைக்காவிட்டால் யாழ்ப்பாணத்தில் இருந்தோ மட்டக்களப்பில் இருந்தோ காணொளியில் கிடைக்கலாம், அதனால் சிகிச்சை தரம் குறைந்துவிடாது என்று நம்ப இப்போது நல்ல ஆதாரம் இருக்கிறது. எங்கள் பிரதேச வைத்தியசாலைகளில் தாதிமாருக்கும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும் இந்தப் பயிற்சியைத் தமிழில் கொடுக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

எங்கள் மண்ணிலேயே நடந்த ஆய்வு ஒன்றும் உண்டு. 2004 சுனாமி வந்த சில வாரங்களுக்குள், வடக்கில் ஒரு தற்காலிக முகாமில், போரையும் அலையையும் பார்த்த 31 பிள்ளைகளுக்கு உள்ளூர் ஆலோசகர்களே ஆறு அமர்வு நடத்தினார்கள். ஒரு பிரிவினர் நடந்ததை ஒழுங்காகக் கதையாகச் சொல்லி, அந்தப் பயத்தை மறுபடி எதிர்கொண்டார்கள். மற்றப் பிரிவினர் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தார்கள். ஆறு மாதத்துக்குப் பின் முதல் பிரிவில் 81, இரண்டாவதில் 71 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். அவ்வளவு சின்ன எண்ணிக்கையில் அந்த வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்க முடியாது. சிகிச்சையே கிடைக்காத பிரிவு ஒன்றும் இருக்கவில்லை என்பதால், எவ்வளவு காலத்தால் ஆறியது, எவ்வளவு சிகிச்சையால் ஆறியது என்றும் பிரிக்க முடியாது. ஆனாலும், பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்களால் ஒரு முகாமுக்குள்ளேயே இதை நடத்த முடிந்தது என்பது எனக்குப் பெரிய விஷயம்.

ஆய்வுகளை வாசிக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள், எதோடு ஒப்பிட்டார்கள் என்று. காத்திருப்புப் பட்டியலில் சும்மா இருந்தவர்களோடு ஒப்பிட்டால் எந்தச் சிகிச்சையும் பெரிதாகத் தெரியும். 2008 இல் இலங்கை மருத்துவர் அதுல சுமதிபாலவின் குழு, சோதனைகளில் காரணம் பிடிபடாத உடல் உபாதைகளோடு திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு சி.பி.டி. கொடுத்துப் பார்த்தது. ஒப்பிட்ட பிரிவுக்கும் டொக்டர் அதே அளவு நேரம் ஒதுக்கிக் கவனமாகப் பார்த்தார். முடிவில் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. இது சி.பி.டி.யின் தோல்வி என்று சிலர் சொல்வார்கள். ஒரு டொக்டர் உட்காரவைத்து நேரம் கொடுத்துக் கேட்டாலே எவ்வளவு நடக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

மருந்தா இதுவா என்ற சண்டை உங்கள் வீட்டில் வேண்டாம். 409 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து பிம் கெய்ப்பர்ஸ் குழு 2023 இல் வெளியிட்ட கணக்கில், குறுகிய காலத்தில் சி.பி.டி.யும் மருந்தும் ஏறத்தாழச் சமம், ஆறு மாதம் ஒரு வருடம் என்று போகும்போது சி.பி.டி. முன்னுக்கு நிற்கிறது, மருந்து மட்டும் எடுப்பதைவிட இரண்டும் சேர்ந்தால் நல்லது. ஆனால் இல்லாத குரல் கேட்பது, அளவுக்கு மீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வருவது போன்ற நோய்களில் மருந்துதான் அடித்தளம், சிகிச்சை அதற்குத் துணை. இதை டொக்டரோடுதான் முடிவு செய்ய வேண்டும்.

தம்பி பகலெல்லாம் படுத்துவிட்டு இரவில் நித்திரை இல்லாமல் கிடப்பவராக இருந்தால், நித்திரைக்கும் நடத்தைச் சிகிச்சை இருக்கிறது என்று கேட்டு வையுங்கள். கட்டிலில் கிடக்கும் நேரத்தைக் கணக்குப் போட்டுக் குறைத்து, நித்திரையை இறுக்குவது அது. இங்கிலாந்தில் தாதிமார் நான்கே அமர்வில் இதைக் கற்பித்த ஆய்வு, 642 பேரோடு, 2023 இல் வந்தது. நல்ல பலன். ஆனால் தொடக்கத்தில் பகலில் நித்திரை தூக்கும், அதனால் மேற்பார்வை இல்லாமல் செய்யக்கூடாது.

இந்தக் கிழமை வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்டால், "வெளியில போ, ஆக்களோட பழகு" என்று பொதுவாகச் சொல்வதை நிறுத்துங்கள். என்னை மிகவும் நோகடித்த வார்த்தைகள் அவை. நாளும் நேரமும் உள்ள, மிகச் சின்ன ஒன்றைக் கேளுங்கள். "நாளைக்குக் காலமை எட்டு மணிக்கு என்னோட கீழ வந்து பாண் வாங்குவமா?" என்பது போல. மாட்டேன் என்றால் அதைப் பாதியாக்குங்கள், படிக்கட்டு வரைக்கும் வரட்டும். மனநல வைத்தியசாலை இருக்கும் 'அங்கொடை'யின் பேரை அவர் முன்னால் யாரும் பகிடிக்கும் சொல்ல விடாதீர்கள். சாக வேண்டும் போல இருக்கிறது என்ற கதை வந்தால் இதையெல்லாம் விட்டுவிட்டு உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள், தனியே விடாதீர்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தை வீட்டில் எல்லோருடைய ஃபோனிலும் இப்போதே பதிந்து வையுங்கள்.

அக்கா தந்த அந்த மணித்தியாலத் தாளை நான் தமிழில் எழுதிப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். தம்பிக்கு வேண்டுமென்றால் கேளுங்கள், படம் எடுத்து இங்கேயே போடுகிறேன்.