குடிசை பார்க்கப் புலமைப்பரிசிலா?

கேள்வி: மொறட்டுவையில் கட்டடக்கலை மூன்றாம் வருடம் படிக்கிறேன், வீடு திராய்மடுவில். காணி உறுதி இல்லாமல் சனங்கள் தாங்களாகவே கட்டிக்கொண்ட குடியிருப்புகளைப் பல நாடுகளில் பார்த்துப் படிக்க ஆசை. நோர்மன் பொஸ்டர் பயணப் புலமைப்பரிசிலுக்கு முயற்சிக்கலாமா? 'குடிசை பார்க்க வெளிநாடு போக வேணுமா?' என்று அப்பா சிரிக்கிறார்.
- மாணவி, மட்டக்களப்பு

பதில்: அப்பா சிரித்தாலும் கேள்வி சரியானதுதான் மகள், தேர்வுக் குழுவும் அதைத்தான் கேட்கும்.

முதலில் நடைமுறை. பிரித்தானியக் கட்டடக்கலைஞர் நோர்மன் பொஸ்டரின் பெயரில், பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவனம் 2007 முதல் கொடுத்துவரும் பரிசில் இது. வருடத்துக்கு ஒருவருக்குத்தான், முன்பு 6,000, 7,000 பவுண் என்ற அளவில் இருந்தது. நீங்களாக நேரே விண்ணப்பிக்க முடியாது, உங்கள் கல்விக்கூடம்தான் ஒருவரைத் தெரிந்து அனுப்ப வேண்டும், ஆகவே இன்றைக்கே துறைத் தலைவரிடம் போய்க் கேளுங்கள்.

அப்புறம் தலைப்பு. 2011இல் வென்ற மும்பை மாணவர் எடுத்துக்கொண்டது எட்டுப் பெருநகரங்களின் கழிப்பறை, சுகாதார வசதி. 2012இல் வென்ற எடின்பரோ மாணவர், ஆபிரிக்காவில் கிழக்கு நெடுங்கோடு 30 பாகையை ஒட்டிய குடியிருப்புகளில் கழிவுப் பொருள்களை எப்படி மீண்டும் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்கக் கிளம்பினார். ஒருவருக்குக் கக்கூஸ், மற்றவருக்குப் பழைய இரும்பும் போத்தலும்! 'வறிய மக்களின் வாழ்க்கை' என்று பொதுவாக எழுதினால் முதல் பக்கத்தோடு மூடிவைத்துவிடுவார்கள் என்பது என் எண்ணம்.

உங்களுக்கான கேள்வி உங்கள் ஒழுங்கையிலேயே கிடக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரச் சனங்களைத் திராய்மடுவில் குடியேற்றியபோது கொடுத்தது ஒரே அச்சில் வார்த்த வீடுகள். நம்முடைய பக்கத்திலோ வீடு மகளுக்குப் போகும், பெற்றோர் அதே வளவில் இன்னொன்று கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள், மூன்று பெண்பிள்ளைகள் என்றால் அந்தச் சின்னத் துண்டுக் காணி என்ன பாடுபடும்? பின்னால் தகரக் குசினி, பக்கத்தில் ஒரு பத்தி, முன்னால் ஒரு கடை என்று அது வளர்கிற விதத்தை அளந்து வரையுங்கள். பெருவின் லிமாவிலும் எகிப்தின் கெய்ரோவிலும் கூரைக்கு மேல் கம்பியை நீட்டி விட்டுவிட்டு, காசு வரும்போது அடுத்த தட்டைக் கட்டுகிறார்கள், பிள்ளைகள் மேலே போகிறார்கள். இங்கே பக்கவாட்டில், அங்கே மேல்நோக்கி. ஏன் என்று கேட்கப் போகிறேன் என்றால் அது பயணத்துக்கு ஒரு காரணம், அப்பாவுக்கும் ஒரு பதில்.

பரிசில் கிடைக்காவிட்டால்? கொழும்பு நவகம்புரவுக்கு மொறட்டுவையிலிருந்து பஸ் காசுதான். 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீடுகள் திட்டத்தில், அரசு சிறு கடனும் ஆலோசனையும் கொடுத்துச் சனங்களையே கட்ட விட்ட இடம். அங்கே பார்க்காமல் லிமாவுக்குப் போகிறேன் என்றால் நானும் அப்பாவின் பக்கம்தான்.

கேள்வி: இப்படியான இடங்களில் படம் எடுக்கலாமா?
- வாசகர், அக்கரைப்பற்று

பதில்: கேட்டுவிட்டு எடுங்கள், அதுவும் முதல் நாளில் வேண்டாம். காணி உறுதி இல்லாத ஒருவருக்கு வீட்டு இலக்கமும் முகமும் தெரிகிற படம் நாளைக்கு வெளியேற்றக் கடிதமாக வரலாம். கையால் வரைந்தால் நல்லது, கமராவைக் கண்டு ஒதுங்குகிறவர்கள் வரைகிறதைப் பார்க்கச் சுற்றி வந்து நிற்பார்கள், 'கிணத்தை விட்டுட்டீங்களே' என்று திருத்தமும் சொல்வார்கள்.