40 டொமைனையும் புதுப்பிக்கணுமா?

வணக்கம் நண்பரே. மறுவிற்பனைக்காக 2020-ல் வாங்கிய 40 டாட் காம் டொமைன்களில் (இணையதள முகவரிப் பெயர்களில்) ஒன்றுகூட விற்கவில்லை, புதுப்பிக்கும் தேதி நெருங்குகிறது, விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலானவற்றைத் தாராளமாக விடுங்கள்.

நீங்கள் வாங்கியபோது ஒரு டாட் காம் பெயருக்கு, நமக்கு விற்கும் பதிவு நிறுவனங்கள் கட்டும் மொத்த விற்பனை விலை ஆண்டுக்கு 7.85 டாலர். 2024 செப்டம்பரில் அது 10.26 ஆகிவிட்டது. 2013-க்குப் பிறகு டாட் காமுக்குப் பதிலாக முகவரியின் கடைசியில் போடும் புதுப் பின்னொட்டுகள் நூற்றுக்கணக்கில் வந்ததால், மூன்று சொல் சேர்ந்த நீளப் பெயருக்காக யாரும் நம்மிடம் வந்து நிற்பதில்லை. வாய்ஸ் டாட் காம் 2019-ல் 3 கோடி டாலருக்குப் போனது உண்மைதான். ஆனால் அது ஒற்றைச் சொல்.

வைத்துக்கொள்ளும் நாலைந்து பெயருக்கு விலை போட்டு ஒரு விற்பனைப் பக்கம் கட்டாயம் வையுங்கள். 2018-ல் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் வந்தபின் டொமைன் யாருடையது என்று பார்க்கும் ஹூயிஸ் (WHOIS) பதிவில் பெரும்பாலும் உரிமையாளர் விவரம் தெரிவதில்லை. வாங்க நினைப்பவர் உங்களை எப்படித் தேடிப் பிடிப்பார்? நிறுவனங்களின் பிராண்டுப் பெயர் ஏதும் இருந்தால் அதை முதலில் கைவிடுங்கள், டொமைன் தகராறுகளைத் தீர்க்கும் யுடிஆர்பி (UDRP) நடைமுறையில் அவர்கள் புகார் கொடுத்தால் நஷ்டஈடு இல்லாமலே பறிபோகும்.

அப்புறம், 'உங்கள் டொமைனுக்கு மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்கி அனுப்புங்கள், உடனே வாங்குகிறேன்' என்று வரும் மெயிலுக்குப் பதில் போடாதீர்கள். அப்படியே ஒரு மெயிலை நம்பி நான் பணம் கட்டினேன். சான்றிதழ் வந்தது, ஆள் வரவில்லை.