வாகைக்குளம் (தூத்துக்குடி) விமான நிலைய விரிவாக்கம்: கேள்வி பதில்

கேள்வி: தூத்துக்குடி ஓடுபாதையை 1,350 மீட்டரிலிருந்து 3,115 மீட்டராக நீட்டியது வீண்செலவு இல்லையா?

பதில்: இல்லவே இல்லை. பழைய பாதையில் எழுபது பேர் ஏறும் ஏ.டி.ஆர். போன்ற சிறிய விமானங்கள்தான் வந்து போக முடிந்தது. ஏர்பஸ் 320 போன்ற பெரிய விமானம் முழுச் சுமையோடு எழும்ப 2,000 மீட்டருக்கு மேல் வேண்டும். நம் ஊர் மே மாத நண்பகலில் காற்று சூடேறி அடர்த்தி குறையும்; இறக்கைக்குத் தூக்குவிசை குறையும், இயந்திரமும் வலுக் குறையும். விமானம் கூடுதல் தூரம் ஓடித்தான் எழ வேண்டும். பாதை குட்டையானால் பயணிகளையோ சரக்கையோ இறக்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

கேள்வி: துபாய்க்கு எப்போது விமானம்?

பதில்: ஓடுபாதை மட்டும் போதாது. சுங்கமும் குடிவரவுச் சோதனையும் அமைய வேண்டும். வளைகுடா நிறுவனங்கள் வர, இருநாட்டு விமானச் சேவை ஒப்பந்தத்தில் இவ்வூர் இடம்பெற வேண்டும்.

கேள்வி: அருகில் மனை வாங்கலாமா?

பதில்: கட்டட உயரத்துக்கான தடையின்மைச் சான்றை விமான நிலைய ஆணையத்திடம் கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். மாடி எழுப்பிய பிறகு இடிக்கச் சொன்னால் தரகர் வரமாட்டார்.

கேள்வி: நான் மதுரைக்காரன். பயணிகள் கூட்டம் எங்கள் ஊரில். நீள ஓடுபாதை உங்களுக்கா?

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயம். மதுரைப் பாதை ஏறத்தாழ 2,285 மீட்டர்தான். ஆனால் அங்கே நிலம் எடுப்பதில்தான் ஆண்டுக்கணக்கில் இழுபறி. இங்கே கையகப்படுத்திய நிலத்தில் வேலை நடந்தது. 2025 ஜூலையில் 17,340 சதுர மீட்டர் முனையமும் திறந்தாயிற்று.

கேள்வி: சிங்கப்பூருக்கு?

பதில்: துபாய்க்குச் சொன்னதேதான்.

கேள்வி: மதுரைக்காரன் மறுபடியும். நெல்லைக்காரர்களே மதுரைக்குத்தானே வருகிறார்கள்?

பதில்: சேவை குறைவாக இருந்ததால் வந்தார்கள். நெல்லையிலிருந்து வாகைக்குளத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள். மதுரைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஆண்டுக்கு 20 லட்சம் பேரைத் தாங்கும் முனையம் நிரம்ப வேண்டுமானால், நெல்லை, தென்காசிக்காரர்கள் இங்கே டிக்கெட் எடுக்க வேண்டும். இருக்கை காலியானால் நிறுவனம் சேவையை நிறுத்திவிடும். மதுரைக்கும் நீண்ட பாதை வேண்டும் என்று கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். இங்கே கட்டியதைக் குறை சொல்லாதீர்கள்.

கேள்வி: என் பெட்டி வரவில்லை, யாரிடம் கேட்பது?

பதில்: விமான நிறுவனத்திடம். முனையத்தை விட்டு வெளியேறும் முன்பே எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: கொழும்புக்கு எப்போது? அருகே மனையும் பார்க்கிறேன்.

பதில்: கொழும்புக்கும் சுங்கம், குடிவரவு வேண்டும். மனைக்குச் சான்று, முன்பணத்துக்கு முன்.