ட்வீட்டர் எரிவதற்குக் காரணம் ஆம்ப்ளிபயரா?

கேள்வி: தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. அம்மன் கோயில் விழாக்குழு சார்பில் போன ஆண்டு சொந்தமாக மைக்செட் வாங்கினோம். 15 அங்குல ஸ்பீக்கரும் கீச்சு ஒலிக்கான ட்வீட்டரும் உள்ள 400 வாட் பெட்டிகள் இரண்டு, சேனலுக்கு 250 வாட் தரும் ஆம்ப்ளிபயர், எட்டு சேனல் மிக்சர். ஓராண்டுக்குள் ட்வீட்டர் மூன்று முறை எரிந்துவிட்டது. ஆம்ப்ளிபயரைப் பாதி அளவுக்கு மேல் திருப்பியதே இல்லை. அதில் சிவப்பு விளக்கு எரிந்து பார்த்ததும் இல்லை. பழுது பார்ப்பவர், "பெட்டிக்கு ஆம்ப்ளிபயர் போதவில்லை, 1500 வாட் வாங்குங்கள்" என்கிறார். வாங்கலாமா? கோயிலில் கிடக்கும் பழைய குழாய் ஒலிபெருக்கிகள் நான்கையும் இதே ஆம்ப்ளிபயரில் சேர்க்க முடியுமா?

பதில்: வாங்க வேண்டாம். ஊர் வரிப்பணத்தை அவர் கையில் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

"பாதிக்கு மேல் திருப்பியதே இல்லை" என்று நீங்கள் எழுதியிருக்கும் வரியில்தான் நோய் இருக்கிறது. ஆம்ப்ளிபயரின் முகப்பில் உள்ள குமிழ், அது எத்தனை வாட் தரவேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில்லை. மிக்சரிலிருந்து வரும் சிக்னலில் எவ்வளவை உள்ளே விடுவது என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. மடையைப் பாதி அடைத்துவிட்டோம் என்று வீட்டில் படுத்துத் தூங்க முடியுமா? கால்வாயில் வெள்ளம் வந்தால் அந்தப் பாதி மடை வழியாகவே வயல் மூழ்கிவிடும். உங்கள் மிக்சரில் வெள்ளம் வருகிறது. ஆம்ப்ளிபயரைக் குறைத்து வைத்திருப்பதால் சத்தம் போதவில்லை என்று மிக்சரை ஏற்றுகிறார்கள். மிக்சரின் சிவப்பு விளக்குகள் விடிய விடிய எரிகின்றன. அதை யாரும் பார்ப்பதில்லை.

மிக்சர் தன் சக்திக்கு மீறித் தள்ளும்போது ஒலி அலையின் மேல்முனையும் கீழ்முனையும் வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடுகின்றன. மைக்செட்காரர்கள் இதைத்தான் 'கிளிப்' ஆகிறது என்கிறார்கள். வெட்டுப்பட்ட அந்த அலையை ஆம்ப்ளிபயர் அப்படியே பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. தானே கிளிப் ஆனால்தான் அதன் சிவப்பு விளக்கு எரியும். தன்னிடம் வந்ததே வெட்டுப்பட்ட அலை என்று அதற்குத் தெரியாது. ஆகவே விளக்கும் எரியாது, ட்வீட்டரும் கருகிப்போகும்.

ட்வீட்டர் மட்டும் ஏன்? ஸ்பீக்கருக்குள் போகும் மின்சாரத்தில் நூற்றுக்குச் சில பங்குதான் ஒலியாகிறது. மீதி முழுவதும் உள்ளே இருக்கும் கம்பிச்சுருளான காயிலில் வெப்பமாகிறது. 400 வாட் என்பது பெட்டி முழுவதற்குமான கணக்கு. உள்ளே இருக்கும் ட்வீட்டரின் மெல்லிய காயில், இந்த வகைப் பெட்டிகளில், தொடர்ந்து தாங்கக்கூடியது சில பத்து வாட்டுகள் மட்டுமே. சாதாரணப் பாட்டில் இது பிரச்சினை ஆவதில்லை. பாட்டின் உச்சங்கள் கண நேரத்துக்கு வந்து போய்விடும். சராசரியைப் பார்த்தால் ஆம்ப்ளிபயர் தன் முழுத் திறனில் எட்டில் ஒரு பங்கைத்தான் தந்துகொண்டிருக்கும். அலை தட்டையாகும்போது இந்தச் சராசரி பல மடங்கு ஏறிவிடுகிறது. முழுக்கத் தட்டையான அலையைத் தந்தால் 250 வாட் ஆம்ப்ளிபயரிலிருந்து ஏறக்குறைய 500 வாட் வெளியே வரும். அலை வெட்டுப்படும்போது புதிதாகப் பிறக்கும் கீச்சு ஒலிகளை, பெட்டிக்குள் தாழ்ந்த ஒலியையும் கீச்சு ஒலியையும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் நேராக ட்வீட்டரிடம் சேர்த்துவிடுகிறது.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்: இது சின்ன ஆம்ப்ளிபயரா பெரிய ஆம்ப்ளிபயரா என்ற கேள்வியே அல்ல. இதே கையாளுதலில் 1500 வாட் ஆம்ப்ளிபயரை மாட்டினால், மூன்று திருவிழாவில் எரிந்தது ஒரே இரவில் எரியும். அப்போது ட்வீட்டரோடு 15 அங்குல ஸ்பீக்கரும் சேர்ந்து போகும்.

அந்தப் பழுது பார்ப்பவரிடம் ஒன்று கேளுங்கள்: ட்வீட்டரில் காயிலோடு சேர்ந்து அதிரும் தகடான டயாபிரத்தை மூன்று முறை மாற்றினாரே, எரிந்த டயாபிரம்களை உங்களிடம் திருப்பித் தந்தாரா? தந்திருக்க மாட்டார். முப்பது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். என்னை மிகவும் வேதனைப்படுத்துவது இதுதான். காரணத்தைச் சொன்னால் அடுத்த முறை வேலை வராது என்று வாயைத் திறக்காமல் மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்கும் பழுது பார்ப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கழற்றிய பொருள் உங்களுடையது, கேட்டு வாங்குங்கள். காயில் சுற்றிலும் கருகியிருந்தால் தொடர்ந்த வெப்பத்தால் எரிந்தது என்று பொருள். காயில் பளபளவென்று இருந்து தகடு விரிசல் விட்டிருந்தாலோ, இணைப்புக் கம்பி அறுந்திருந்தாலோ, தன் எல்லைக்குக் கீழான தாழ்ந்த ஒலி அதற்குள் போயிருக்கிறது, அல்லது பெட்டி கீழே விழுந்திருக்கிறது. ஒரு டயாபிரத்தைக் கையில் வைத்து இவ்வளவும் சொல்லிவிடலாம்.

போலி டயாபிரம் இன்னொரு கண்ணி. அசல் போலவே இருக்கும், விலை நான்கில் ஒன்றாக இருக்கும், ஆனால் காயிலின் பசை வெப்பம் தாங்காது. மாட்டும் முன் மல்டிமீட்டரை மின்தடை காட்டும் ஓம் அளவில் வைத்துப் பாருங்கள். 8 ஓம் ட்வீட்டர் என்றால் 6 ஓம் அளவில் காட்ட வேண்டும். 11, 12 என்று காட்டினால் உங்களுக்கு 16 ஓம் பொருளைத் தலையில் கட்டியிருக்கிறார்கள். இரண்டு பெட்டியும் ஒரே சத்தம் தராததற்கு இதுகூடக் காரணமாக இருக்கலாம்.

வாட் கணக்கிலும் இதே ஏமாற்றுதான். ஒரே ஸ்பீக்கரைத் தொடர் திறன் 400 என்றும், பாட்டுக்கான புரோகிராம் 800 என்றும், கண நேர உச்சமான பீக் 1600 என்றும் எழுதலாம். மூன்றும் ஒரே பொருள்தான். பி.எம்.பி.ஓ. என்று அச்சிட்ட ஆயிரக்கணக்கான வாட்டுக்கு எந்த அர்த்தமும் கிடையாது. உங்கள் பெட்டியின் பின்பக்கம் ஆர்.எம்.எஸ். அல்லது கன்டினியூவஸ் என்ற சொல்லுக்கு எதிரே என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். அங்கே 200 என்று இருந்து 400 பீக் ஆக இருந்தால், வாங்கிய நாளிலேயே ஏமாந்திருக்கிறீர்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. மிக்சரில் ஒவ்வொரு சேனலிலும் உள்ளே வரும் சிக்னலைக் கூட்டிக் குறைக்கும் கெயினையும் பச்சை விளக்கு ஆடி, உச்சத்தில் மட்டும் மஞ்சள் தொடும்படி குறையுங்கள். மொத்த அளவுக்கான மாஸ்டரிலும் அப்படியே. பிறகு, சத்தம் போதுமான அளவுக்கு ஆம்ப்ளிபயரின் குமிழைத் தயங்காமல் ஏற்றுங்கள். அதன் சிவப்பு விளக்கு மட்டும் எரியக் கூடாது. இப்படி வைத்தும் சத்தம் போதவில்லை என்றால் இன்னொரு ஜோடி பெட்டி வேண்டும் என்பதே விடை. அதற்குப் பதிலாகக் கீச்சு ஒலியை ஏற்றும் ட்ரெபிள் குமிழை முழுதாகத் திருப்புவார்கள், அது வேண்டவே வேண்டாம். 15 டெசிபல் ஏற்றம் என்றால் அந்தப் பகுதிக்குப் போகும் வாட் ஏறத்தாழ 32 மடங்கு. பக்திப் பாடல் கணீரென்று கேட்க வேண்டும் என்று செய்வது ட்வீட்டருக்குக் கொள்ளி வைப்பதில் முடிகிறது.

வில்லுப்பாட்டு நடக்கும்போதும், நாதஸ்வரத்துக்கு மைக் வைக்கும்போதும் 'கூ' என்று ஊளையிடுமே, அது வெறும் காது வலி அல்ல. ஒரே சுருதியில் முழு வாட்டும் நிற்காமல் போகும் நேரம் அது. சில விநாடிகள் போதும். மைக்கைப் பெட்டிக்கு முன்னால் கொண்டுபோகாதீர்கள். ஊளை வந்தால் மாஸ்டரை உடனே இறக்குங்கள், காரணத்தை அப்புறம் தேடலாம். பேச்சு மைக்குகளில், தாழ்ந்த ஒலிகளை வெட்டும் லோ கட் பொத்தானை அழுத்தி வையுங்கள்.

செலவு செய்துதான் ஆக வேண்டும் என்றால், அந்தப் பணத்தில், சிக்னல் ஓர் எல்லையைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர் உள்ள ஒரு ப்ராசஸர் வாங்கி மிக்சருக்கும் ஆம்ப்ளிபயருக்கும் நடுவில் வையுங்கள். அதை வாங்கி மாட்டி வைத்தால் போதாது, அளந்து வைக்க வேண்டும். ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றிவிட்டு 200 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஆம்ப்ளிபயரின் ஸ்பீக்கர் முனையில் ஏ.சி. வோல்ட் பாருங்கள். 8 ஓமில் 250 வாட் என்பது ஏறத்தாழ 45 வோல்ட். மிக்சரை எவ்வளவு ஏற்றினாலும் 40 வோல்ட்டைத் தாண்டாதபடி லிமிட்டரை நிறுத்தி, கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிடுங்கள். முனைகளில் கை படாமல் அளக்க வேண்டும். தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. விழாவுக்கு ஒலிபெருக்கி வைக்கக் காவல் நிலையத்தில் விண்ணப்பம் கொடுக்கிறோம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது என்பதை நன்றாக நினைவூட்டுகிறார்கள். அது சரியானதே. ஆனால் எர்த் இருக்கிறதா, நியூட்ரல் இறுக்கமாக இருக்கிறதா என்று ஓர் அதிகாரியும் ஒரு முறையும் கேட்டதில்லை. மூன்று பேஸ் ஜெனரேட்டரில் நியூட்ரல் கழன்றால் 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 400ஐ நெருங்கி வந்துவிடும். ஒரு கல்யாண மண்டபத்தில் என் கண் முன்னால் மிக்சரும் இரண்டு ஆம்ப்ளிபயரும் ஒரே நொடியில் புகைந்தன. ஓர் உயிரும் போகாதது தெய்வச்செயல். அந்த மண்டபத்துக்கு எல்லாச் சான்றிதழும் இருந்தன. நீங்கள் மல்டிமீட்டரில் பார்க்காமல் எந்த பிளக்கையும் செருகாதீர்கள். போடும்போது ஆம்ப்ளிபயர் கடைசி, அணைக்கும்போது அதுவே முதல். லைன் கரண்டிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் முன் ஆம்ப்ளிபயரை அணைக்கச் சொல்லி மின்பணியாளரிடம் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். அந்த 'டொம்' சத்தமும் காயிலுக்கு விழும் அடிதான்.

இனிக் குழாய்கள். பெட்டிகளுக்குச் சொல்லும் ஓம் விதி இங்கே செல்லாது, ஆகவே நிதானமாகப் படியுங்கள். இரண்டு 8 ஓம் பெட்டிகளை ஒரே சேனலில் பக்க இணைப்பாகச் சேர்த்தால் 4 ஓம், நான்கைச் சேர்த்தால் 2 ஓம். ஓம் குறையக் குறைய ஆம்ப்ளிபயர் திணறும். தெருவுக்கு இழுக்கும் குழாய்கள் பெரும்பாலும் 100 வோல்ட் லைனில் ஓடுபவை. அவற்றில், ஒலி எழுப்பும் பகுதியான யூனிட்டுக்கு முன் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், அதில் 5, 10, 20 வாட் என்று முனைகள் இருக்கும். இங்கே ஓமை மறந்துவிட்டு வாட்டைக் கூட்டுங்கள். 20 வாட் முனையில் நான்கு குழாய் என்றால் 80 வாட். 100 வோல்ட் முனை உள்ள 100 அல்லது 120 வாட் ஆம்ப்ளிபயர் தனியாக வேண்டும். உங்கள் ஆம்ப்ளிபயரில் 100 வோல்ட் முனை இருக்காது, அதனால் அதில் சேர்க்க முடியாது. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத பழைய யூனிட் ஒன்று அந்த வரிசையில் கலந்திருந்தால், சுவிட்ச் போட்ட நிமிடமே அது எரியும். சில சமயம் ஆம்ப்ளிபயரையும் சேர்த்து இழுத்துவிடும். ஆகவே நான்கையும் இறக்கி, ஒவ்வொன்றின் பின்மூடியையும் திறந்து, டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதா, எந்த முனையில் வயர் இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகே இணைக்க வேண்டும். சோதிக்கும்போது யூனிட்டைக் குழாயிலிருந்து கழற்றி வைத்து ஓட்டாதீர்கள். குழாய்க்குள் இருக்கும் காற்றின் எதிர்ப்பு இல்லாவிட்டால் தகடு அளவுக்கு மீறித் துள்ளி உடைந்துவிடும்.

இன்னும் ஒன்று: கூம்பு வடிவக் குழாய்களுக்குப் பல இடங்களில் காவல்துறை அனுமதி தருவதே இல்லை. பழுது பார்க்கப் பணம் செலவழிக்கும் முன் உங்கள் காவல் நிலையத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.