அமெரிக்காவில் தப்பி ஓடுபவரைப் போலீஸ் சுடலாமா? சுட்டால் வழக்கு நிற்குமா?

ஓடுகிறார் என்பதற்காக மட்டும் சுடக்கூடாது. 1974-இல் மெம்ஃபிஸ் நகரில், திருடிவிட்டு வேலி ஏறித் தப்ப முயன்ற 15 வயதுச் சிறுவனை ஒரு காவலர் சுட்டுக் கொன்றார். அவனிடம் ஆயுதம் இருப்பதாக அந்தக் காவலரே நினைக்கவில்லை. எடுத்திருந்ததோ ஒரு பணப்பையும் 10 டாலரும். ‘டென்னசி எதிர் கார்னர்’ என்ற அந்த வழக்கில் 1985-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: காவலருக்கோ பிறருக்கோ உயிராபத்து அல்லது பெருங்காயம் நேரும் என்று நம்பத் தக்க காரணம் இருந்தால்தான் சுடலாம்.

அந்தக் காரணத்தை எப்படி எடைபோடுவது? அதே இடத்தில் நிற்கும் நியாயமான ஒரு காவலரின் கண்ணால் பார்க்க வேண்டும் என்றது அதே நீதிமன்றத்தின் 1989 ‘கிரஹாம்’ தீர்ப்பு. சுட்ட அந்த நொடியை மட்டும் பார்த்தால் போதாது, அதற்கு முன் நடந்ததும் கணக்கில் வரும் என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

இழப்பீடு கேட்டு, குடிமக்கள் உரிமைக்கான 1871-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் காவலர்மீது வழக்குப் போடலாம். சிக்கல் இங்கேதான். ஏறக்குறைய அதே சூழலில் ‘இது உரிமை மீறல்’ என்று முன்பே தீர்ப்பு இல்லையென்றால், அந்த இழப்பீட்டு வழக்கிலிருந்து காவலருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்துவிடும். மீறல் நடந்ததா என்றே முடிவு செய்யாமல் வழக்கைத் தள்ளவும் நீதிபதிக்கு 2009 முதல் வழி உண்டு. அப்படித் தள்ளினால் அடுத்து வருபவருக்கும் முன்தீர்ப்பு கிடைக்காது, செக்குமாட்டுச் சுற்றுதான். வென்றாலும் பெரும்பாலும் பணம் கட்டுவது நகர நிர்வாகம், காவலர் அல்ல.

கொலைக் குற்றச்சாட்டு தனி. அங்கே இந்தப் பாதுகாப்பு செல்லாது.