காலம் (column) ஓவன்: சூடாக்கினால் மட்டும் போதுமா?

கேள்வி: நல்லெண்ணெய் ஆலை வைத்திருக்கிறோம். பாமாயில் கலப்பைப் பிடிக்க எண்ணெயிலுள்ள கொழுப்புகளைக் குழாய் வழியே செலுத்திப் பிரித்துக் காட்டும் ஒரு பழைய எச்.பி.எல்.சி. கருவி வாங்கினோம். காலையில் ஓட்டினால், வரைபடத்தில் ஒவ்வொரு கொழுப்புக்கும் எழும் சிகரங்கள் தனித்தனியாக விழுகின்றன. மதியம் ஓட்டினால் ஒட்டிக்கொள்கின்றன. அந்தக் குழாயை (காலம்) ஒரே வெப்பநிலையில் வைத்திருக்கும் காலம் ஓவன் போட்டால் சரியாகும் என்கிறார்கள். சூடாக்க மட்டும் செய்கிற ஓவன் மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா?
வாசகர், விருதுநகர்

பதில்: வேண்டாம். அந்த வகை ஓவன், அறையின் வெப்பத்தைவிட ஏறக்குறைய 5 டிகிரி மேலேதான் நிலையாக நிற்கும். மதியம் உங்கள் அறை 33 டிகிரி என்றால் 38-க்குக் கீழே அதனால் இறங்க முடியாது. உங்களுக்குத் தேவை 20 முதல் 25. மின்சாரத்தால் சூடாக்கவும் குளிர வைக்கவும் செய்யும் பெல்டியர் ஓவனாகப் பாருங்கள்.

காரணம் இதுதான். இந்தச் சோதனைக்கு வழக்கமான சி-18 வகைக் குழாயில் கொழுப்புகள் ஒரு கணக்குப்படி வெளியே வருகின்றன: ஒரு கொழுப்பில் உள்ள மூன்று கொழுப்பு அமிலங்களின் கார்பன் எண்ணிக்கையில் இரட்டைப் பிணைப்புகளின் இரு மடங்கைக் கழிக்க வேண்டும். எள்ளில் உள்ள டிரையோலினுக்கு (மூன்றும் ஒலீயிக் அமிலம்) 54-இல் 6 போக 48. பாமாயிலின் முக்கியக் கொழுப்பில் இரண்டு பால்மிடிக் அமிலம், ஒரு ஒலீயிக் அமிலம். அதற்கு 50-இல் 2 போக அதே 48! நீங்கள் பிரிக்க நினைக்கும் ஜோடியே பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கிறது. குளிர்ச்சியில் கொஞ்சம் விலகும், சூட்டில் சீக்கிரம் வந்து நெருங்கிவிடும். ஒரு டிகிரிக்கு 1 முதல் 2 சதவீதம் நேரம் மாறும். காலைக்கும் மதியத்துக்கும் 8 டிகிரி வித்தியாசம் இருந்தால், 20 நிமிடத்தில் வரவேண்டிய சிகரம் இரண்டு, மூன்று நிமிடம் முன்னாலேயே வந்துவிடும்.

அதற்காக ரொம்பக் குளிர வைத்துவிடாதீர்கள். பால்மிடிக் மட்டுமே உள்ள கொழுப்பு, குழாய் வழியே ஓடும் கரைப்பானான அசிட்டோன்-அசிட்டோநைட்ரைல் கலவையில் சரியாகக் கரையாது, பம்பின் அழுத்தமும் ஏறும்.

காசு கொடுப்பதற்கு முன் விற்பவரிடம், ஏ.சி.யை அணைத்துவிட்டு, ஓவனை 25 டிகிரியில் வைத்து உங்கள் எண்ணெயையே ஐந்து முறை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். சிகர நேரங்கள் மாறாமல் வருகின்றனவா என்று ஒரு தாளில் குறித்துப் பாருங்கள். கரைப்பானும் குழாய்க்குள் நுழையும் முன்பே அதே வெப்பநிலைக்கு வருகிறதா என்றும் கேளுங்கள். பலர் இதைக் கேட்பதே இல்லை.

அதுவரை கருவியை ஏ.சி. அறையில், காற்று நேராகப் படாத மூலையில் வையுங்கள். குழாயைத் தெர்மாகோலால் சுற்றினால் ஆட்டம் ஓரளவு அடங்கும்.

அப்புறம், நிறையக் கலந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டுமானால், வெளி ஆய்வகத்தில் கொழுப்பு அமிலச் சோதனையே போதும். நல்லெண்ணெயில் பால்மிடிக் 8 முதல் 12 சதவீதம், பாமாயிலில் 40-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். கலப்பு கொஞ்சமாக இருந்தால் அந்த 12-க்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். அங்கேதான் இந்த ஓவனுக்கு வேலை.